லைசென்ஸின் பின்பக்கத்தையும் பாருங்கள்: ஊருக்குப் போய் வாகனம் ஓடுவோருக்கு

யாழ்ப்பாணம் மானிப்பாயில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் ஒரு பழைய லான்சர் நிற்கிறது. போன முறை நான் போய் இறங்கித் தேத்தண்ணீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை, அதன் திறப்பைக் கையில் வைத்துவிட்டார். "தம்பி, ரவுணிலை ஒரு அலுவல் இருக்கு. நீதான் லண்டனிலை கார் ஓடுறனியே."

ஓடுகிறேன்தான். ஆனால் என் லைசென்ஸின் பின்பக்கத்தில் 78 என்று ஓர் எண் இருக்கிறது. ஓட்டோ கியர் வாகனம் மட்டுமே ஓடலாம் என்று அர்த்தம். லான்சரோ கிளச் மிதித்து ஓட வேண்டிய கார். விசயத்தைச் சொன்னேன். சித்தப்பா அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உதெல்லாம் இங்கை ஆர் பாக்கப் போறான்?"

அவர் சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிதான் ஆளைக் கவிழ்க்கும்.

வீதியில் மறிக்கும் பொலிஸ்காரர் அட்டையின் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார். படம், பெயர், காலாவதித் திகதி, அவ்வளவுதான். என்னை மறித்த ஒருவர் பின்பக்கத்தையும் திருப்பி, "இதில் இரத்த வகை எங்கே?" என்று கேட்டார். ஆனால் ஓர் இடி, ஓர் உரசல் நடந்துவிட்டால் கதை வேறு. காப்புறுதிக் கம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். வாகனத்தைப் படம் எடுப்பார், பிறகு உங்கள் லைசென்ஸை இரண்டு பக்கமும் படம் எடுப்பார். அந்தப் படத்தை எங்கோ ஓர் அலுவலகத்தில் ஆறுதலாக இருந்து பார்க்கிறவருக்கு 78 என்றால் என்ன என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கியர் கார், ஓட்டோ கியர் லைசென்ஸ். சித்தப்பாவின் காப்புறுதியில் அவர்கள் கைவிரிக்க அது ஒரு நல்ல சாட்டு. அடிபட்டவர் நம்ம ஊர்ச் சனமாக இருந்துவிட்டால் பிறகு அந்தத் தெருவால் போகவே முடியாது.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன

பிரித்தானிய அட்டையின் பின்பக்கத்தில் வாகன வகைகளின் அட்டவணை இருக்கும். அதன் கடைசி நிரலுக்கு 12 என்று பெயர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அட்டைகளிலும் இதே 12-ஆம் நிரல்தான், எண்களும் பெரும்பாலும் ஒன்றுதான். 01 என்றால் கண்ணாடி அல்லது கொன்ராக்ற் லென்ஸ் போட்டுத்தான் ஓட வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ் அட்டைகளில் இதையே இன்னும் பிரித்து, கண்ணாடிக்கு 01.01, லென்ஸுக்கு 01.02 என்று போடுவார்கள். 02 காது கேட்கும் கருவிக்கு. 10 கியர், 15 கிளச், 20 பிரேக், 25 அக்சிலரேற்றர், 40 ஸ்ரியறிங், 42 பின்னால் பார்க்கும் கண்ணாடிகள், 43 இருக்கை. இந்தப் பாகங்களில் எதையாவது உங்களுக்கு ஏற்றபடி மாற்றிய வாகனத்தைத்தான் ஓடலாம் என்பது பொருள். ஒன்ராறியோ அட்டையில் கண்ணாடிக்கு எக்ஸ் என்ற எழுத்து. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் எஸ்.

ஐரோப்பிய அட்டைகளில் 60-களில் வரும் எண்கள் இன்னும் கடுமையானவை. 61 பகலில் மட்டும். 62 வீட்டிலிருந்து இத்தனை கிலோமீற்றருக்குள் மட்டும். 67 நெடுஞ்சாலையில் ஓடக்கூடாது. பேர்லின் வீட்டைச் சுற்றி 20 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தால், வல்வெட்டித்துறை அதற்குள் வராது. அப்படி ஓர் எண் இருந்தால் ஊரில் திறப்பைத் தொடாமல் இருப்பதே மரியாதை.

இந்த எண்கள் உங்கள் வருத்தத்தின் பெயரைச் சொல்வதில்லை. வாகனம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கின்றன. எனக்கு 78 விழுந்தது கால் ஏலாமல் அல்ல. ஓட்டோ கியர் காரில் பரீட்சை எழுதினேன், சோம்பல்தான் காரணம். போலியோவால் இடது கால் சூம்பிப்போன என் மாமாவின் அட்டையிலும் அதே 78 இருக்கிறது. இன்சுலின் போடுகிறவரின் அட்டையிலோ ஓர் எண்ணும் இராது. பிரித்தானியாவில் அவருக்கு லைசென்ஸ் ஒன்று, இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு மட்டும் தருவார்கள். அந்தக் குறுகிய திகதி ஒன்றுதான் அடையாளம். விளங்குகிறவருக்கு விளங்கும், மற்றவருக்கு விளங்காது.

புத்தகம் வாங்கினால் எண் அழியாது

பலர் சர்வதேச அனுமதிப் புத்தகத்தை, அதாவது ஐ.டி.பி.யை, புது லைசென்ஸ் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் லைசென்ஸுக்கு அது ஒரு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். கையில் இரண்டும் இருக்க வேண்டும். மூல அட்டையில் உள்ள கட்டுப்பாடு அப்படியே கூட வரும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல் இதைப் பேபொயின்ற் கடைகளில் 5.50 பவுணுக்குத் தருகிறார்கள், முன்பு தபால் கந்தோரில் தந்தார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 1949-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குரிய புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது ஒரு வருடம் செல்லும். கனடாவில் இருப்பவர்கள் சி.ஏ.ஏ. என்ற வாகனச் சங்கத்தில் எடுக்கலாம். விமானம் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். ஊரில் இருந்துகொண்டு மகனுக்கு வட்ஸ்அப் அடித்து எடுப்பிக்கிற காரியம் இல்லை இது.

இலங்கையில் அந்தப் புத்தகமும் தனியே போதாது. கொழும்பில் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரப் பத்திரம் எடுக்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். தற்காலிகப் பத்திரத்துக்கு முன்பு வெரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகம் வரை அலைய வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுண்டர் திறந்தார்கள். அங்கே அட்டையைக் கொடுக்கும்போது பின்பக்கத்தையும் காட்டி, ஓட்டோ கியர் மட்டும் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

ரொறன்ரோக்காரர்களுக்கு ஒரு சிறு பகிடி. அங்கே கார் லைசென்ஸ் ஜி வகுப்பு. இலங்கையில் ஜி என்பது உழவு இயந்திரத்துக்கான வகுப்பு, லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி1. உங்கள் ஜி-யை மட்டும் நீட்டினால், வயலுக்குப் போகிற ஆள் என்று நினைத்தாலும் நினைப்பார்கள். ஐ.டி.பி.யில் கார் வகுப்பு பி என்று முத்திரை விழுந்திருக்கும், அதைக் காட்டுங்கள்.

கை மாறும் இடம்

கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வேயிலிருந்து வருகிறவர்கள் வலப்பக்கம் ஓடிப் பழகியவர்கள். ஊரில் இடப்பக்கம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு கை பலவீனமானவருக்கு இதில் வேறு சிக்கல் உண்டு. பாரிஸில் கியர் தடியை வலது கை பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் அதை இடது கை பிடிக்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை சரியாகப் பிடிபடாத ஒருவர் பாரிஸில் கியர் கார்கூடச் சமாளித்து ஓடியிருப்பார். இங்கே அது முடியாது. வலது கை பலவீனம் என்றால் வேறு பிரச்சினை. இலங்கையில் ஓடுகிற கார்களில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வந்தவை, சிக்னல் தடி வலப்பக்கம் இருக்கும். முதல் நாள் நான் ஆஸ்பத்திரி வீதியில் திரும்பிய ஒவ்வொரு தடவையும், மழையே இல்லாமல் வைப்பர் ஆடியது.

நல்ல செய்தி, அந்த ஜப்பான் கார்களில் பெரும்பாலானவை ஓட்டோ கியர். 78 உள்ளவர் வாடகைக்குக் கார் எடுக்கக் கஷ்டப்பட மாட்டார். போனில் பேசும்போது "ஓட்டோ கியர்தானே?" என்று இரண்டு தரம் கேளுங்கள். கைக்கட்டுப்பாடு பூட்டிய கார் வேண்டியவர்கள் (20, 25 உள்ளவர்கள்) வாடகைக் காரை நம்பிப் போகாதீர்கள். கழற்றிப் பூட்டுகிற கருவியைப் பெட்டியில் கொண்டுபோனாலும், சொந்தக்காரரும் காப்புறுதிக் கம்பனியும் எழுத்தில் சம்மதிக்காமல் பூட்ட வேண்டாம்.

மச்சானின் மோட்டார் சைக்கிளை எடுக்கும் ஆசையைப் பற்றி இரண்டே வசனம். பிரித்தானியாவில் 2001 பெப்ரவரிக்கு முன் கார் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள் 50 சிசி மொபெட்டை மேலதிகப் பயிற்சி இல்லாமல் ஓடலாம், அதற்குப் பிந்தியவர்களுக்கு அதுவும் இல்லை. ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிற ஸ்கூட்டிகள் 50 சிசி இல்லை.

அட்டை சொல்லாத வருத்தம்

சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பிரித்தானியாவில் ஒரு விதி உண்டு. ஓடத் தொடங்குவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் சீனி பார்க்க வேண்டும், ஓடும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பிரித்தானியக் கருவிகள் காட்டுகிற mmol/L அளவில் 5-க்கு மேல் இருந்தால் ஓடலாம். 5 அல்லது குறைவு என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும். 4-க்குக் கீழே போனால் ஓடவே கூடாது. சீனி சரியான பிறகும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். விதி லண்டனுடையதாக இருக்கலாம், உடம்பு அதே உடம்புதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஊர்க் கருவிகள் வேறு அளவில் (mg/dL) காட்டுகின்றன. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர் எண். 5 என்பது அங்கே 90, 4 என்பது 72. உங்கள் கருவியின் பற்றரி முடிந்து மச்சாளின் கருவியில் பார்க்கிறீர்கள், 85 காட்டுகிறது. "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். 18-ஆல் பிரித்தால் 4.7. இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். கொழும்பிலிருந்து ஏ9 வழியாக யாழ்ப்பாணம் ஏழெட்டு மணி நேரம். இரவு விமானத்தில் வந்து இறங்கி, நித்திரையும் இல்லாமல், ஊசி நேரமும் மாறிப்போய், அப்படியே ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிப்பு உள்ளவர்களுக்கு நித்திரை முழிப்பு இன்னும் கெடுதல். பிரித்தானியாவில் வலிப்பு வந்தவர் பொதுவாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் திரும்ப ஓடலாம். அந்தக் கணக்கு விமானம் ஏறியதும் ரத்தாகிவிடாது.

நம் சனத்துக்கு வருத்தத்தை ஒளிக்கிற பழக்கம் உண்டு. சலரோகத்தைப் பற்றி மணிக்கணக்கில் கதைப்போம். வலிப்பு என்றால் வாயே திறக்க மாட்டோம். வீட்டில் கலியாணம் பேசுகிற பெட்டை இருக்கும், பெடியன் இருப்பான், கதை பரவிவிடும். விளங்குகிறது. பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், பக்கத்து இருக்கையில் வருகிறவருக்குச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போதும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிப் பில் உங்கள் தலையில். பிரித்தானியாவில் லைசென்ஸ் தருகிற டி.வி.எல்.ஏ.க்குச் சொல்ல வேண்டிய வருத்தத்தைச் சொல்லாமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டமும் உண்டு.

லைசென்ஸில் இது எழுதப்பட்டிருக்காது என்பதால், ஒரு சிறு அட்டையில் நீங்களே எழுதி லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள். நான் மாமாவின் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது இது:

"எனக்குச் சலரோகம். இன்சுலின் போடுகிறேன். நான் தடுமாறினால், பேச்சுக் குழறினால், குடித்திருக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அறிவோடு இருந்தால் சீனி கரைத்த தண்ணீர் தாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990-க்கு அடியுங்கள்."

1990 என்பது சுவசெரிய இலவச அம்புலன்ஸ், 2018-இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. அட்டையின் மறுபக்கத்தில் இதையே சிங்களத்திலும் எழுதுவியுங்கள். மதவாச்சியிலோ தம்புள்ளையிலோ கார் நின்றால் தமிழ் வாசிக்கிற ஆள் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. மருந்து கைப்பையில், டொக்டரின் கடிதம் ஆங்கிலத்தில். 01 உள்ளவர்கள் இன்னொரு சோடிக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். நல்லூர்த் தேர்க் கூட்டத்தில் கண்ணாடி விழுந்தால் குனிந்து எடுக்க இடம் இருக்காது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

சென்னையில் இறங்கி ஓட நினைப்பவர்களுக்கும் அதே 1949 புத்தகம்தான். செல்லுபடியான லைசென்ஸ் இல்லாமல் ஓடினால் தண்டம் 5,000 ரூபாய். முன்பு அங்கே இருந்து லைசென்ஸ் எடுத்தவர்கள், அது காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் திரும்பவும் ஓடிக் காட்ட வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு வரும் உடல்தகுதிப் படிவத்தில் வலிப்பு, மாலைக்கண், 25 மீற்றரில் நம்பர் பிளேட் வாசிப்பது எல்லாம் கேட்பார்கள். லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களுக்கு 2020-இல் கதவு திறந்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் வாகனத்துக்குச் சட்டத்தில் "இன்வலிட் கரியேஜ்" என்று இருந்த பெயரை 2019-இல் எடுத்துவிட்டு, "மாற்றியமைக்கப்பட்ட வாகனம்" என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள். பின்னால் இரண்டு துணைச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களை எந்த ஊர்ச் சந்தையிலும் பார்க்கலாம். உறவினருடையதை இரவல் வாங்கி ஓடிப் பார்க்காதீர்கள், அதற்குத் தனி வகுப்பு.

சரி, எண்ணும் கட்டுப்பாடும் கூடிப்போனால் சாரதியோடு வான் பிடிப்பதுதான் நிம்மதி. மாற்றுத்திறனாளிகள் வாகனம் நிறுத்தத் தருகிற நீல அட்டை ஊரில் செல்லாது, ஆனால் சாரதி வாசலில் இறக்கிவிட்டு எங்கேயாவது போய் நிற்பார். கேட்டதும் அனுப்புவது பெரும்பாலும் டொயோட்டா கே.டி.எச். வான். அதன் படி உயரம். முழங்கால் மடிக்க ஏலாதவருக்கு ஏறுவது சீவன் போகிற வேலை. மாமா முதல் நாள் மூன்று பேர் தூக்கித்தான் ஏறினார், அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி வாங்கினோம். பிறகு கீரிமலை, நயினாதீவுத் துறை, எங்கே போனாலும் அதைத் தானே கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.