ராஸ்பெர்ரி பை கிளஸ்டருக்குக் கேஸ்: மதுரை வெயிலில் செய்யக்கூடாத தவறுகள்

ராஸ்பெர்ரி பை என்பது ஒரே போர்டில் அடங்கும் குட்டிக் கணினி. அப்படி நாலு போர்டுகளைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்கும் கிளஸ்டருக்காக, அவற்றை அடுக்கி வைக்கக் கேஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். முதலில் உங்கள் அறையின் சூட்டைப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை சித்திரை மாதம் மதியம் மூன்று மணிக்கு எப்படிக் கொதிக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பையின் நான்காம் தலைமுறையான பை 4-இன் சிப் 80 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையே 38 டிகிரி என்றால் மிச்சம் 42 டிகிரிதான். ஏசி அறையில் சோதித்த கேஸ் இங்கே அதே மாதிரி நடந்துகொள்ளாது.

அதனால் நாலு பக்கமும் மூடிய பெட்டி வேண்டாம். பக்கங்கள் திறந்த அடுக்கு போதும். தூசி படியத்தான் செய்யும், மாதம் ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஃபேனை உச்சியில் மாட்டுவது நிறையப் பேர் செய்யும் தவறு. மேல் போர்டு மட்டும் குளிரும், கீழே உள்ள மூன்றும் வேகும். 120 மி.மீ. ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தினால் போர்டுகளின் இடுக்கு ஒவ்வொன்றிலும் காற்று புகுந்து போகும். ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பிகளும் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும், அந்தப் பக்கம் போர்டுகளைப் பார்க்கட்டும். ஃபேன் 12 வோல்ட்டா 5 வோல்ட்டா என்றும் பார்த்து வாங்குங்கள்.

முப்பரிமாணப் பிரிண்டரில் அச்சடித்த கேஸ் என்றால் எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்ற வகை 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். என்னுடையதை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு டவுன்ஹால் ரோட்டில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தேன். மூடி அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. பிஇடிஜி என்ற வகை கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும்.

பை 4-க்கு வாங்கிய மூடிய கேஸ் பை 5-க்குப் பொருந்தாது. ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிள்) சொருகும் இடமும் யுஎஸ்பியும் இடம் மாறியிருக்கின்றன.

அப்புறம் பூட்டும் வேலை. அடுக்கின் தட்டுகள் அக்ரிலிக் பிளாஸ்டிக் என்றால், இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் தாளை முதலில் உரித்துவிடுங்கள். போர்டின் துளை 2.7 மி.மீ., அதற்கு எம்2.5, அதாவது 2.5 மி.மீ. ஸ்க்ரூதான். வீட்டில் கிடக்கும் எம்3-ஐத் திருகி நுழைத்தால் துளையின் ஓரம் பிய்ந்து போர்டே வீணாகலாம். நட்டைக் கையால் இறுக்கி, கடைசியில் கால் சுற்று மட்டும் கருவியால் திருகினால் போதும். அதற்கு மேல் போனால் அக்ரிலிக் துளையைச் சுற்றி முடி மாதிரி ஒரு கீறல் விழும். ஒரு வாரத்தில் அது ஓரம் வரை ஓடிவிடும்.

மெமரி கார்டை வெளியிலிருந்தே உருவ முடிகிறதா என்பதைப் பூட்டும் முன்பே பாருங்கள். என் அடுக்கில் அடிப் போர்டின் கார்டு போனபோது 16 நட்டையும் கழற்ற வேண்டியிருந்தது.

பவரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பை 4-க்கு 3 ஆம்பியர், நாலுக்கு 12 ஆம்பியர். செல்போன் சார்ஜரில் ஓட்டைகள் நாலு இருக்கலாம், மொத்த ஆம்பியர் அவ்வளவு இருக்காது. ஒல்லியான நீளக் கேபிளிலும் வோல்டேஜ் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி வரும்.

எல்லாம் பூட்டியதும் உடனே பீரோ மேல் ஏற்றிவிடாதீர்கள். மதியம் நாலு போர்டுக்கும் முழு வேலை கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எந்தச் சிப்பும் 70 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், சரி, இப்போது ஏற்றலாம்.