வாடைக்கு முன் தூண்டில் பெட்டி: கழுவி, காயவைத்து, பிரித்து வைப்பது எப்படி

பங்குனியில் கடல் அடங்கி, திருகோணமலை டச்பே கரையில் திரும்பவும் ஆட்கள் றொட்டோடு (தூண்டில் தடியோடு) நிற்கத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, ஐந்து மாதமாகத் தொடாத என் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். மேல் தட்டில் இருந்த 11 லூரிலும் (மீன் வடிவச் செயற்கை இரையிலும்) முள், அதாவது தூண்டில் கொக்கி, பழுப்பாகி, துருக்கறை கீழே வழிந்து, வெள்ளி நிறமாக இருந்த மீன்களின் வயிறெல்லாம் தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தன. கீழ்த் தட்டில் ரப்பர் மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெட்டியின் அறைச் சுவரையும் இளக்கிப் பசைபோல ஆக்கியிருந்தன. நல்ல பெட்டிதான், ரப்பர் வளையம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடுகிற விலைகூடிய பெட்டி. அதனால்தான் முள் அப்படித் துருப்பிடித்தது என்று விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கடலில் தூண்டில் போடப் பழகத் தொடங்கி, வீட்டில் சாமான் சேரச் சேர எங்கே எதை வைப்பதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிச்சுப் போடுவது, தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) சுற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். திருகோணமலையில் நமக்கு எதிரி உப்பு. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீர் விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கட்டிபட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் உங்கள் முள்ளின் மேலும் நடக்கிறது. வாடைக்காலத்தில், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், கடலும் கொந்தளிக்கும் நாமும் போகமாட்டோம், சாமான் அப்படியே கிடக்கும். அந்த நாலைந்து மாதத்தில்தான் எல்லாம் பழுதாகிறது.

1. பாவித்ததைத் திரும்பப் பெட்டிக்குள் போடாதீர்கள்

இது மிகச் சின்ன விஷயம், ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கடலைப்பருப்பு வருகிற வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, மூடியிலும் அடியிலும் சூடேற்றிய ஊசியால் பத்துப் பதினைந்து துளை போடுங்கள். கரையிலோ வள்ளத்திலோ லூரை மாற்றும்போது கழற்றியதை அந்தப் போத்தலுக்குள் மட்டும் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் போத்தலோடு குழாய்க்குக் கீழே பிடித்துக் குலுக்கினால் கழுவியாயிற்று. உப்பேறிய ஒரு லூரைப் பெட்டிக்குள் போட்டால் அது தன் பக்கத்தில் இருக்கும் ஆறு புது லூரையும் கெடுக்கும்.

2. றீலைக் கழுவுதல்

றீலின் (தங்கூசி சுற்றியிருக்கும் சுருளியின்) முன்னாலுள்ள டிராக் குமிழை, மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தோடு போக வேண்டும் என்று சரிசெய்கிற குமிழை, நன்றாக இறுக்கிவிட்டுத்தான் தண்ணீர் படவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வோஷர்களுக்குள் தண்ணீர் போகும். மழைத்தூறல் மாதிரி மெல்லிய தண்ணீர் போதும். வாளிக்குள் முக்குவதும், கார் கழுவுகிற பைப்பால் அடிப்பதும் வேண்டாம், அந்த வேகம் வெளியே இருக்கும் உப்பை பெயரிங்குக்குள் தள்ளிவிடும். பிறகு உதறி, பழைய பருத்திச் சட்டையால் துடைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்திவிடுங்கள். இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்தால் வோஷர் நசுங்கி, அடுத்த முறை ஒரு பாரை இழுக்கும்போது நூல் சீராகப் போகாமல் விக்கி விக்கிப் போகும்.

றொட்டில் வளையங்களையும் றீல் பூட்டும் இடத்தையும் ஒரு பழைய பல் பிரஷால் தேயுங்கள். ஈரத்தோடு துணிப் பைக்குள் போட வேண்டாம், வார்னிஷ் கொப்பளிக்கும்.

3. காயவைத்தல் (நான் வழுக்கிய இடம்)

நான் கழுவாமல் விடவில்லை. அந்த வருடம் கடைசியாக இறக்கக்கண்டிக் கழிமுகத்துக்குப் போய் வந்த அன்றிரவே கழுவினேன், விறாந்தையில் விரித்தேன், காலையில் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பெட்டிக்குள் அடுக்கி மூடினேன். ஆனால் லூரின் உடம்புதான் காய்ந்திருந்தது. முள்ளைக் கோர்த்திருக்கும் இரட்டை வளையம் இருக்கிறதே, சாவி வளையம் மாதிரி இரண்டு சுற்று, அந்த இரண்டு சுற்றுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளியில் தண்ணீர் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளைக் கடதாசியில் லூரைத் தட்டிப் பாருங்கள், புள்ளி புள்ளியாக நனையும். அந்தச் சொட்டுத்தான் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஐந்து மாதம் வெளியேற வழியில்லாமல் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும், நாற்பது வருடம் கரைவலை இழுத்த பெரியவர் ஒருவரிடம் காட்டினபோது அவர் ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, ஈரத்தோட மூடினா உள்ளுக்கு வேகும்."

இன்னொரு பிழை, விறாந்தை. எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம், இரவு முழுக்க வருகிற காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. கழுவியதன் மேல் திரும்பவும் உப்புப் படிகிறது.

இப்போது நான் செய்வது இது. கழுவியதும் லூர்களை அறைக்குள் கட்டிய ஒரு தங்கூசியில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு ஒரு முழு நாள், அதாவது 24 மணித்தியாலம் விடுகிறேன். றீலுக்கு இரண்டு நாள். நேர் வெயிலில் போட வேண்டாம், தங்கூசிக்கு வெயில் கூடாது, ரப்பர் மீனும் இளகிவிடும்.

வாடை தொடங்கிவிட்டால் மின்விசிறியும் போதாது, ஏனென்றால் அது சுழற்றுகிற காற்றே ஈரம். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது: சிறிய அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்ப், 15 அல்லது 25 வாட். முன்பு கமராக்காரர்கள் லென்சில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க இப்படித்தான் வைத்தார்கள். 28 பாகையில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 5 பாகை மட்டும் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும், மேலே சொன்ன 75ஐ விடக் கீழே. எல்இடி பல்ப் சரிவராது, அதில் தேவையான சூடு இல்லை. பல்பைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குத் துணி, கடதாசி, பிளாஸ்டிக் எதுவும் இருக்கக் கூடாது, வயரும் ஹோல்டரும் நல்லதாக இருக்க வேண்டும், வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள்.

4. பெட்டி எது?

கடையில் மூன்று மாடியாக விரிகிற பெரிய பெட்டியைக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். பாரம், மேல் தட்டில் எடை கூடினால் திறந்தவுடன் கவிழும், கறுப்பு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. நான் விரும்புவது உள்ளே பார்க்கக்கூடிய, தடுப்புகளைக் கழற்றி மாட்டக்கூடிய தட்டைப் பெட்டிகள், ஹார்ட்வெயார் கடையில் ஆணி போட விற்கிறார்களே அதே பெட்டி. ஒவ்வோர் அறையின் அடியிலும் ஒரு துளை போடுங்கள், மூடியிலும் சில. காற்றுப் புகாத பெட்டி வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்த றீலுக்கு மட்டும், அதுவும் சிலிக்கா ஜெல்லோடு. சப்பாத்துப் பெட்டியில் வந்த பழைய சிலிக்கா பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும், வெயிலில் வைத்தாலும் முழுதாக மீளாது. நிறம் மாறுகிற மணியாக வாங்கி, 120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஒவனில் வைத்தால் திரும்ப வேலை செய்யும். செம்மஞ்சள் மணி வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, அது சமைக்கிற ஒவனுக்கு ஆகாது.

5. எப்படிப் பிரிப்பது

முள் ஒரு பெட்டி, ஈயம் ஒரு பெட்டி, லூர் ஒரு பெட்டி என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். பார்க்க அழகு. கரைக்குப் போகும்போது நாலு பெட்டியையும் தூக்க வேண்டும். போகிற இடத்தை வைத்துப் பிரியுங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன: துறைமுகப் பக்க ஜெட்டிக்கு ஒன்று (சின்ன முள், சின்ன ஈயம், கணவாய்க்கு இரண்டு லூர்), கழிமுகத்துக்கு ஒன்று (கொடுவாவுக்கான ரப்பர் மீன்), வள்ளத்துக்கு ஒன்று (அறுக்குளா, சீலாவுக்காக வயரும் பெரிய லூரும்). மிச்சமெல்லாம் வீட்டில் ஒரு பெரிய பெட்டியில் இருப்பாக. சிறு பெட்டியில் குறைந்ததை அதிலிருந்து நிரப்புவதோடு சரி.

முள்ளை அது வந்த பொட்டலத்திலேயே வையுங்கள், இலக்கம் அதில்தான் இருக்கிறது. தொடங்குபவர்கள் இதில் குழம்புவார்கள்: 10, 8, 6, 4 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும், 1ஐத் தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். பொட்டலம் தொலைந்தால் ஒரு ஒட்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ரப்பர் மீன்களையும் வந்த பையிலேயே விடுங்கள். அவற்றை இளக்கமாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பதார்த்தம் வேறு பிளாஸ்டிக்கில் பட்டால் அதைக் கரைக்கும், இரண்டு நிறம் ஒன்றாகக் கிடந்தால் நிறம் ஊறும், வேறு வேறு கம்பனியின் ரப்பர் தொட்டுக்கொண்டு கிடந்தால் இரண்டுமே கூழாகலாம். தடுப்புச் சுவர் உருகியதன் காரணம் இதுதான்.

ஈயம் தனி. மர லாச்சிக்குள் வைக்க வேண்டாம், மரத்திலிருந்து வருகிற அமில ஆவி பட்டு ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும், அது நஞ்சு. ஏற்கெனவே படிந்திருந்தால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறியுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். நூலில் மாட்டும் பிளவுள்ள சின்ன ஈயக்குண்டைப் பல்லால் கடித்து மூடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள், குறடு எதற்கு இருக்கிறது! தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் உருக்கி வார்க்கிறவர்கள் குசினியில் செய்ய வேண்டாம், பழைய பற்றரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். உருகிய ஈயம் 327 பாகைக்கு மேலே இருக்கும், அதற்குள் ஈரமான ஒரு துண்டு விழுந்தால் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு அடிக்கும்.

6. றீலைக் கழற்றினால்

வருடத்துக்கு ஒரு தடவை, வாடைக்கு முன், றீலைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் போடுவது நல்லது. றீல் பெட்டிக்குள் வருகிற, பாகங்களுக்கெல்லாம் இலக்கம் போட்ட படத்தாளை எறிய வேண்டாம், உதிரிப் பாகம் கேட்கும்போது அந்த இலக்கம்தான் கைகொடுக்கும். ஒரு வெறும் முட்டைத் தட்டை எடுத்து, கழற்றும் வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதல் குழிக்கு மாக்கர் பேனையால் அடையாளம். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும்.

சிறிய ஸ்பிரிங்கையும் கிளிப்பையும் கழற்றும்போது றீலையும் இரண்டு கையையும் ஒரு பெரிய, உள்ளே தெரிகிற பொலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு செய்யுங்கள். அரிசி மணியளவு ஸ்பிரிங் ஒன்று என் கையிலிருந்து பாய்ந்து ஜன்னல் பக்கம் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த றீல் இரண்டு மாதம் சும்மா கிடந்தது.

பல்சக்கரத்துக்குக் கிரீஸ், பெயரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. டபிள்யூ டீ 40ஐ உள்ளே அடிக்கிறவர்கள் நிறையப் பேர். அது ஈரத்தை விலக்கச் செய்யப்பட்டது, வெளியே துடைக்கலாம், உள்ளே அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பிறகு சேர்த்தது

கிண்ணியாவிலிருந்து ஒருவர், துருப்பிடித்த முள்ளைச் சுரண்டிப் பாவிக்கலாமா என்று கேட்டிருந்தார். லூரை வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் மாற்றுங்கள். சுரண்டினால் பூச்சு போய்விடும், அடுத்த தடவை இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும், நல்ல மீன் பிடிபடும் நேரம் பார்த்து முறியும். கழற்றிய முள்ளையும் வெட்டிய தங்கூசித் துண்டுகளையும் மூடியுள்ள ஒரு போத்தலில் சேருங்கள், கரையில் போட்டால் கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும்தான் போய்ச் சுற்றும்.

நிலாவெளியிலிருந்து இன்னொருவர், எல்லாம் சொன்னபடி செய்தும் முள் துருப்பிடிக்கிறது என்று எழுதியிருந்தார். நாலைந்து தடவை பேசிய பிறகுதான் பிடிபட்டது: அவர் கழுவியது வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில், அது உவர். கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். தடித்த வெள்ளை வளையம் நின்றால் அந்தத் தண்ணீரில் கழுவ வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். அதுவும் இல்லாதவர்கள் வாடையில் கூரையிலிருந்து விழுகிற மழைத் தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, இரண்டு கலன் பிடித்து வையுங்கள். அவர் இப்போது அப்படித்தான் செய்கிறார்.