டாக்ஸோரூபிசினை லிப்போசோமுக்குள் ஏற்றுவது எப்படி

டாக்ஸோரூபிசின் ஒரு புற்றுநோய் மருந்து; லிப்போசோம் என்பது அதைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழ். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இந்தத் துகளை 100 நானோமீட்டருக்கு எப்படிக் கொண்டுவருவது என்றுதான். அது பெரிய வித்தை இல்லை. மருந்தை உள்ளே ஏற்றி, கசியாமல் நிறுத்திவைப்பதுதான் வேலை. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் என்ற டாக்ஸோரூபிசின் லிப்போசோம் மருந்து ஜெயித்ததே அதில்தான்.

மூன்று லிப்பிட்கள் (கொழுப்புப் பொருள்கள்) வேண்டும்: ஹெச்எஸ்பிசி (சோயாவிலிருந்து எடுத்து ஹைட்ரஜன் ஏற்றிய பாஸ்போலிப்பிட்), கொலஸ்ட்ரால், டிஎஸ்பிஇ-பெக் 2000 (பெக் என்ற பாலிமர் வால் ஒட்டிய லிப்பிட்). மோல் கணக்கில் 56:38:5. குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டை ஃபிளாஸ்க்கில் ரோட்டாவேப்பில் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) ஓட்டினால் சுவரில் மெல்லிய படலம் படியும். அப்புறம் இரவு முழுக்க வேக்குவத்தில் வையுங்கள். வாடை போய்விட்டது என்று மூக்கை நம்பி நிறுத்தக் கூடாது.

அந்தப் படலத்தில் 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றி, 65 டிகிரியில் சுழற்றுங்கள். ஹெச்எஸ்பிசி ஐம்பது டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். லிப்போசோமை நுண்துளை மெம்பரேன் வழியே அழுத்தித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். ஆறவிட்டால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும், கிழிந்தும் போகும். 400, 200, 100 நானோமீட்டர் துளைகள் என்று வரிசையாக இறங்குங்கள். டிஎல்எஸ்ஸில் (ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைப் பார்க்கும் கருவி) பிடிஐ (துகள்களின் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்ற எண்) 0.1 பக்கம் வந்தால் சரி.

இனிதான் முக்கியமான கட்டம். வெளியே இருக்கும் அம்மோனியம் சல்ஃபேட்டை நீக்க வேண்டும். ஹிஸ்டிடின் சேர்த்த 10 சதவீத சுக்ரோஸ் கரைசலில், பிஹெச் 6.5இல், டயாலிசிஸ் (நுண்துளைப் பையில் வைத்து ஊறவிட்டு உப்பை வெளியேற்றுவது) செய்யுங்கள். கரைசலைப் பலமுறை மாற்றுங்கள். இங்கே சோம்பல்பட்டால் மருந்து ஏறவே ஏறாது. காரணம் இதுதான்: உள்ளேயிருந்து அம்மோனியா வாயுவாக நழுவும்போது புரோட்டான் தங்கிவிடுகிறது. மின்னூட்டம் இல்லாத டாக்ஸோரூபிசின் சவ்வைக் கடந்து உள்ளே போனதும் அந்தப் புரோட்டானை வாங்கிக்கொண்டு, சல்ஃபேட்டுடன் சேர்ந்து படிகமாகிவிடும். எலிப்பொறி போல, போன வழியே திரும்ப முடியாது.

மருந்து ஒரு பங்கு, லிப்பிட் எட்டுப் பங்கு, எடைக் கணக்கில். 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உடனே ஐஸில் குளிரவையுங்கள். டாக்ஸோரூபிசின் செல்களைக் கொல்லும் மருந்து. அதனால் இரண்டு கையுறை போடுங்கள், ஹூடுக்குள்ளேயே (காற்றை உறிஞ்சும் பாதுகாப்புப் பெட்டி) வேலை செய்யுங்கள், கழிவுக்குத் தனி டப்பா வையுங்கள்.

ஏறியதா என்று பார்க்க செஃபடெக்ஸ் (துகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல் மணிகள்) நிரப்பிய குழாயில் விட்டால், லிப்போசோம் சிவப்பாக முதலில் இறங்கும், தனி மருந்து பின்தங்கும். எனக்கு ஃபுளோரசன்ஸ் (ஒளிர்வு) முறைதான் பிடிக்கும். உள்ளே நெருக்கியடித்து இருக்கும் மருந்து ஒளிராது. டிரைட்டன் என்ற சோப்பு போன்ற பொருளை ஊற்றிச் சவ்வை உடைத்ததும் 590 நானோமீட்டரில் பளிச்சென்று எகிறும். 90 சதவீதத்துக்குக் கீழே ஏறியிருந்தால் டயாலிசிஸைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

செலுத்திய மருந்து எல்லாம் புற்றுக்கட்டிக்குள் போய்ச் சேரும் என்று கனவு காணாதீர்கள். 2016இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, விலங்குச் சோதனைகளில் செலுத்திய நானோ துகளில் கட்டியை அடைவது இடைநிலையாக 0.7 சதவீதம்தான். டாக்ஸிலின் உண்மையான லாபம், என் பார்வையில், இதயத்துக்கு வரும் சேதம் குறைந்ததுதான். பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியும் தொந்தரவு வந்து சேர்ந்தது.

தயாரானதை 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் சவ்வைக் கிழித்துவிடும். எலிக்கு ஊசி போடும் அன்று காலையில் ஃபுளோரசன்ஸை மறுபடி ஒருமுறை பாருங்கள். கசிந்திருந்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள், கழிவு டப்பாவில்.