குடம் நிறையும்வரை

தருமபுரியில் எங்கள் வீட்டுக் காலை ஜெபம் வெகுநாளாக ஒரு விண்ணப்பப் பட்டியலாகத்தான் இருந்தது. கடன், மகள் படிப்பு, முழங்கால் வலி. ஸ்தோத்திரம் என்ற சொல் ஆமெனுக்கு முன்னால் அவசரமாக வரும். நன்றிகளை எழுதவென்றே நோட்டு வாங்கினேன். நான்காம் நாளே "உணவு, உடை, வீடு" என்று பரீட்சை விடைபோல ஆகிவிட்டது.

மாற்றியது தெருக்குழாய். தண்ணீர் நூலாக வருகிறதே என்று ஒருநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள் பல் துலக்கினாள். வெள்ளை வெளேரென்ற பற்கள். என் பற்களிலோ பழுப்புக் கோடுகள். ஃபுளூரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுப்போன அடையாளம். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி வந்த பிறகு வளர்ந்தவள் அவள்.

இப்போது நோட்டு இல்லை. குடம் நிறையும்வரை, கண்ணில் படும் ஒன்றைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரம். வேண்டுதல் அதற்குப் பிறகுதான். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பியவன் ஒருவன்தானே! முழங்கால் வலி போகவில்லை. அதற்கும் ஜெபிக்கத்தான் செய்கிறேன். நேற்று வால்வு திறப்பவருக்காக ஸ்தோத்திரம் சொல்லப்போனால், அவர் பெயரே தெரியவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கேட்டு வந்தேன்.