தோடித் தட்டை எப்படிக் கேட்பது?

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பழைய இசைத்தட்டில் வாசித்திருக்கும் தோடி ராக ஆலாபனையை வயலினில் அப்படியே வாசித்துவிட வேண்டும் என்று மூன்று மாதம் மல்லுக்கட்டியவன் நான். பிடி பிடியாக எழுதி, உருப்போட்டு, ஒருநாள் வாத்தியாருக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா, மூச்சு எங்கே?" என்றார்.

அதனால் அந்தத் தட்டைக் கேட்டுப் பழகும் முதல் வாரம் வாத்தியத்தைத் தொடாதீர்கள். பென்சிலும் காகிதமும் போதும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். வீதியில் மணிக்கணக்காக வாசித்தவர் அதற்குள் ராகத்தை அடக்க வேண்டியிருந்தது. அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். ஸ்வரம் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரே சீராக இருக்காது. நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

வயலின்காரருக்கு அந்தக் கோடுதான் வில் திரும்பும் இடம். ஒரு மூச்சுக்கு ஒரு வில். பாதியில் வில் தீர்ந்துபோனால் ஆரம்பத்திலேயே தாராளமாகச் செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்புறம், நாயனத்தில், அதாவது நாதஸ்வரத்தில், தந்தி மாற்றம் கிடையாது. மத்ய ஸட்ஜத் தந்தியிலேயே (நடு ஸ்தாயி 'ஸ'வுக்குச் சேர்த்த தந்தி) காந்தார ஸ்வரத்தை நன்றாக அசைத்து, மத்யமம் தொட்டு, பஞ்சமத்தை விட்டுவிட்டு, அதே தந்தியில் தைவதம், நிஷாதம் என்று விரலை வழுக்கிக்கொண்டு போங்கள். சோம்பல்பட்டுப் பஞ்சமத் தந்திக்குத் தாவினால் நாதத்தின் நிறமே மாறிவிடும். காது உடனே கண்டுபிடிக்கும். எனக்கு இது ஒன்றுக்கே ஒரு மாதம் ஆயிற்று, விரல் நுனியும் காய்த்துப்போயிற்று.

பதிவின் சுருதிக்கு வயலினை முறுக்காதீர்கள். ஒரு தந்தி அறுந்த பிறகு சொல்கிறேன். உச்சத்தில் ஒலிக்கும் திமிரி என்ற குட்டை நாயனத்தை விட்டு, சுருதி குறைந்த பாரி நாயனத்துக்கு வழி திறந்ததில் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் பழைய தட்டிலிருந்து மாற்றிய பதிவு உங்கள் கட்டைக்கு, அதாவது நீங்கள் வைத்திருக்கும் சுருதிக்கு, உட்காரும் என்று சொல்ல முடியாது. செயலியில் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். வேகத்தைக் குறைப்பது பிருகாவுக்கு, அதாவது வேகமாக உருளும் ஸ்வரக் கொத்துக்கு, மட்டும். ஒரே ஸ்வரத்தில் நிற்கும் கார்வையை இழுத்துக் கேட்டால் உயிர் போய்விடும்.

வீணைக்காரருக்கு வேறு சங்கடம். மீட்டிய ஒலி தேயும், நாயனத்தின் நீளம் வராது. நீளத்தை விடுங்கள், வளைவைப் பிடியுங்கள்: ஒலி அடங்குவதற்குள் வீணைத் தண்டில் உள்ள அதே மெட்டில் தந்தியை அடுத்த இழுப்பு. மாண்டலினுக்கும் ஏறக்குறைய இதேதான். புல்லாங்குழல்காரருக்கு மூச்சு சொந்தச் சரக்கு. நாயனத்தின் சத்தத்தை எட்டிப்பிடிக்க ஊதித் தள்ளாமல் இருந்தால் போதும். பாட்டுக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் (ஜி.என்.பி.) பிருகாவைக் கேளுங்கள், நாயனம் குரலுக்குள் இறங்கியது தெரியும்.

பத்து நாள் ஆனதும் தட்டை மூடிவிட்டு, உங்கள் தோடியை மூன்று நிமிடம் வாசித்துப் போனில் பதியுங்கள். அதற்கும் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகள் வேலிக்கம்பு மாதிரி ஒரே இடைவெளியில் நின்றால் மறுபடி முதல் வாரம்தான்.