ஹவாயியின் கையும் மாவோரியின் கையும்: சொல் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாயி, நியூசிலாந்துப் பழங்குடிகளின் மாவோரி, டோங்கா போன்ற பசிபிக் தீவுகளின் பாலினேசிய மொழிகளை ஒப்பிடும் ஆசை வந்தவர்கள் அவ்வப்போது தங்கள் சொற்பட்டியலை எனக்குக் காட்டுவார்கள். தொடக்கத்தில் நான் விழுந்த அதே குழிகள். எழுத்துப்பிழைகள் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குமாராவும் முருகனும்

"குமாரா" என்ற சொல்லைப் பார்த்ததும் குமாரன், அதாவது முருகன், நினைவுக்கு வருவார். மாவோரியில் அது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பயிர் தென் அமெரிக்காவினுடையது. முருகனை விடுங்கள்.

ஒரே மாதிரி ஒலித்தால் ஒரே சொல் என்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான். மாவோரியில் "கை" என்றால் உணவு, ஹவாயியில் "கை" என்றால் கடல். ஒருவர் இரண்டையும் ஒரே வரியில் வைத்து, தீவுக்காரர்களுக்குக் கடல்தானே சோறு போடுகிறது என்று விளக்கமும் எழுதியிருந்தார். அதோடு விட்டாரா? அந்தச் சோற்றை அள்ளும் நம் கையையும் சேர்த்துக்கொண்டார்.

நடந்தது வேறு. ஹவாயியில் பழைய த் ஒலி க் ஆகிவிட்டது. பழைய க் ஒலியோ தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஒலியாகத் தேய்ந்துவிட்டது. ஆகவே ஹவாயியின் "கை"க்கு மாவோரியில் இணை "தை", பொருள் கடல்தான். டோங்காவில் அது "தஹி". பாலினேசிய மொழிகளுக்குத் தூரத்து உறவான மலாயில் ஏரியைக் குறிக்கும் "தாசிக்" அதற்கு உறவு. மாவோரியின் "கை" ஹவாயியில் தொண்டை அடைப்போடு தொடங்கும் "ஐ". விலக்கப்பட்டதைக் குறிக்கும் மாவோரியின் "தப்பு" ஹவாயியில் "கப்பு". (தமிழ்த் தப்போடு முடிச்சுப் போட யாராவது இந்நேரம் கிளம்பியிருப்பார்கள்.)

தோற்றத்தை விடுங்கள், வேறுபாடு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. க-வில் தொடங்கும் ஹவாயிச் சொல் ஒவ்வொன்றுக்கும் மாவோரியில் க-வையே தேடியிருந்தார். பாவம், பட்டியலை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

கடன் வாங்கிய சொற்கள்

மலாயின் "கப்பால்", "கெடாய்" இரண்டும் நம் கப்பலும் கடையும். உறவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தொண்டைக் குறியை விழுங்குவது

பழைய ஹவாயிச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் இந்தத் தொண்டை ஒலிக்குக் குறி போடாமலே அச்சாயின. மீனுக்கு மாவோரியில் "இக்கா", ஹவாயியில் நடுவே தொண்டை அடைக்கும் "இ'அ". குறி போய்விட்டால் அது "இய", அதாவது "அவன்" அல்லது "அவள்" ஆகிவிடும். அங்கே நின்றது ஒரு மெய்யெழுத்து, அலங்காரப் புள்ளி இல்லை. செய்தித்தாளிலிருந்து சொல் எடுப்பவர்கள், மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் 1957-இல் வெளியிட்ட ஹவாயி மொழி அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அப்புறம் பட்டியலில் ஏற்றுங்கள்.