மனசு லேசாக, ஒரு சதுர மீட்டர் உயிருள்ள மண்

மண்ணுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டா? 2007-ல் நரம்பியல் ஆய்வாளர் கிறிஸ்டோபர் லௌரியின் குழுவினர் ‘மைக்கோபாக்டீரியம் வேக்கே’ என்ற மண் பாக்டீரியாவைக் கொன்று சுண்டெலிகளுக்குள் செலுத்தியபோது, மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதி தூண்டப்பட்டது. அது எலி, மனிதர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் 2011-ல் வெளியான ஆய்வு மனிதர்களிடமே நடந்தது. மன அழுத்தம் தரும் ஒரு பணி முடிந்ததும் சிலர் 30 நிமிடம் தோட்ட வேலை செய்தார்கள், சிலர் அறைக்குள் வாசித்தார்கள். அழுத்த ஹார்மோனான கார்டிசால் இரு தரப்பிலும் குறைந்தது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக. ஆகவே மருந்துபோல் நம்பாமல், அன்றாடப் பழக்கமாக ஆரம்பியுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது.

ஒரு சதுர மீட்டர் போதும். பழைய சாயம் உதிரும் சுவரோரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே ஈயம் இருக்கலாம். மண்ணைப் புரட்டிப் போடாதீர்கள், பூஞ்சை இழைகள் அறுந்துபோகும். மண் கிளறும் தோட்ட முள்கரண்டியை 20 செ.மீ. இறக்கி லேசாக அசைத்து எடுத்தாலே காற்று உள்ளே போகும். மேலே 5 செ.மீ. மக்கு உரம், இதற்கு 50 லிட்டர் பிடிக்கும். அதன்மேல் 5 செ.மீ. காய்ந்த இலை மூடாக்கு, செடித் தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

பெரும்பாலும் கோட்டை விடுவது உரத்தில்தான். ஒரு பிடி ஈர உரத்தைப் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் புளித்த வாடையோ சூடோ இருந்தால் இன்னும் மக்கவில்லை. அதைப் போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ள, இலைகள் மஞ்சளாகும்.

ஈரத்துக்குக் கையே அளவுகோல். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழியுங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். தண்ணீர் ஒழுகினால் அதிகம். முகர்ந்தும் பாருங்கள். முதல் மழையில் எழும் வாசனை ஜியோஸ்மின்; ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன, நம் மூக்கு மிக நுண்ணிய அளவையும் பிடித்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் மூச்சுத் திணறுகிறது மண். தண்ணீரை நிறுத்தி, முள்கரண்டியால் மறுபடி துளை போடுங்கள்.

வாரம் மூன்று நாள், 30 நிமிடம், கைபேசி இல்லாமல். மூடாக்கை விலக்கிப் பாருங்கள்: இலையின் அடியில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடும், மண்புழுவின் எச்சம் சிறு மணிகளாகக் குவிந்திருக்கும். களை பிடுங்கி, நாற்று நட்டு, மூடாக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். எப்போதோ ஒரு நாள் மணிக்கணக்கில் குனிந்தால் முதுகுவலிதான் மிஞ்சும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். உர மூட்டையை முகத்திலிருந்து தள்ளி வைத்துத் திறந்து, உடனே தண்ணீர் தெளியுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாத கையுறை கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு இறங்காதீர்கள், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.